இடக் கண் துடித்தால்

பஞ்சாங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ராகு காலமும் அல்ல, கந்தாய பலனும் அல்ல. கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வருகிறதே, பல்லி விழும் பலனும் அங்கம் துடிக்கும் பலனும், அவைதாம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எந்த இடம் துடித்தால் லாபம், எந்த இடம் துடித்தால் கலகம் என்று யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து ஜாபிதா எழுதியிருக்கிறார். ஆணுக்கு வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம் துடித்தால் நன்மை என்பது பொது விதி. கம்பரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்தாம். அசோகவனத்தில் சீதைக்கு இடக் கண் துடிக்கிறது. உடனே திரிசடையிடம் சொல்லி விளக்கம் கேட்கிறாள். முனிவரோடு இராமன் மிதிலைக்கு வந்தபோது இப்படி இடம் துடித்தது, காட்டுக்குக் கிளம்பியபோது வலம் துடித்தது என்று அவள் கணக்கு வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அநுமன் வந்துவிடுகிறான்.

சீதைக்குச் சில விநாடிதான் துடித்திருக்கும். அதுவே பதினோரு வருஷம் துடித்தால் எந்தப் பலனைப் பார்ப்பது?

என் சின்னம்மாவின் மகள் ஒருத்தி சூலூரில் இருக்கிறாள். எனக்குத் தங்கை முறை. அவளுடைய புருஷன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். 2011-ம் வருஷம் ஆடி மாசத்தில் தங்கைக்கு இடக் கண்ணின் கீழ் இமையில் ஒரு துடிப்பு ஆரம்பித்தது. எங்கள் அம்மாயி அப்போது இருந்தாள். "இடக் கண்ணு துடிக்குதா? மகாலட்சுமி வர்றா கண்ணு" என்று சந்தோஷப்பட்டாள். மகாலட்சுமி வரவில்லை. துடிப்புத்தான் மேல் இமைக்கு ஏறி, கன்னத்துக்கு இறங்கி, இரண்டு வருஷத்தில் வாயின் இடக் கோடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. நாலு வார்த்தை பேசினால் கண் இறுக மூடிக்கொள்ளும். வாய் கோணும். சில விநாடி கழித்துத் தானாக விடும். மறுபடியும் பிடிக்கும்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தூக்கம் கெட்டாலோ, காபி அதிகமானாலோ எல்லோருக்கும்தான் இமை துடிக்கும். நாலு நாளில் போய்விடும். இதைப் படித்துவிட்டு யாரும் கண்ணாடிக்கு முன்னால் ஓட வேண்டாம். நான் சொல்வது முகத்தின் ஒரு பாதி முழுவதையும் பிடிக்கிற இழுப்பு. ஹெமிஃபேஷியல் ஸ்பாஸம் என்பது டாக்டர்கள் வைத்த பெயர். லட்சம் பேரில் பத்துப் பேர் அளவுக்கு வருகிற அபூர்வமான வியாதி. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

பெயர் தெரிவதற்கே அவளுக்கு ஆறு வருஷம் ஆயிற்று. ஒரு கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். ஒருவர் மனசில் ஏதோ கவலை என்று தூக்க மாத்திரை எழுதினார். தூக்க மாத்திரையால் தூக்கம் வந்தது, துடிப்பு நிற்கவில்லை. ஏனென்றால் இந்தத் துடிப்பு தூக்கத்திலும் துடிக்கும். ஊரில் வேப்பிலை அடித்தார்கள். முக வாதம் என்று எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். வெள்ளியில் கண்மலர் செய்து பண்ணாரியம்மனுக்குப் போட்டாள்.

நோயைவிட அதைப் பார்த்தவர்கள் கொடுத்த தொந்தரவு பெரிது. நம் ஊரில் ஒரு பெண்ணுக்குத் தலை வலிக்கலாம், கால் வீங்கலாம். ஆனால், ஒற்றைக் கண் மட்டும் மூடித் திறக்கக் கூடாது. டவுன் பஸ்ஸில் ஒருவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். இறங்கின பிறகும் பின்னாலேயே வந்தான். மளிகைக் கடையில் பையன்கள் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் முந்தானையை இடக் கன்னத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டே நடக்கப் பழகினாள். ஆதாருக்குப் படம் பிடித்த அன்று இரண்டு கண்ணையும் கருவியில் காட்ட வேண்டும் அல்லவா? "நல்லா தொறங்கம்மா, தொறங்கம்மா" என்று அந்த ஆள் கத்தினான். கியூவில் நின்ற ஜனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கடைசியில் அட்டையில் வந்த முகத்தில் இடக் கண் மூடியிருந்தது. மகன் கல்யாணத்தில் புகைப்படக்காரர் நல்ல மனுஷர்; பொறுமையாக எத்தனையோ படம் எடுத்தார். ஆல்பம் வந்ததும் தங்கை இரண்டு பக்கம் புரட்டினாள். பிறகு அதைக் கொண்டுபோய்ப் பட்டுப் புடவைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

கொரோனா காலத்தில் எல்லோரும் முகக் கவசம் போட்டார்களே, அப்போதாவது அவளுக்கு நிம்மதி கிடைத்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் சிரித்தாள். "அதெங்கீங்ணா! வாயி மறைஞ்சு போச்சு, கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியுது. பாக்கறவங்க அதைத்தானே பாக்கறாங்க!"

பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு வைத்தியர் 1905-ம் வருஷம் எழுதிய ஒரு குறிப்பைப் பிற்பாடு நான் படித்தபோது இந்தப் பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. இந்த நோய் உள்ளவர்களுக்குக் கண் மூடும்போது அதே பக்கத்துப் புருவம் மேலே ஏறுகிறது என்று அவர் கண்டார். நீங்கள் இப்போதே செய்து பாருங்கள். ஒரு கண்ணை இறுக மூடினால் புருவம் கீழேதான் வரும். மூடிக்கொண்டே அந்தப் புருவத்தை உயர்த்த யாராலும் முடியாது. எந்த நடிகராலும் முடியாது. வேண்டுமென்று கண்ணடிக்கிறவளையும் நரம்புக் கோளாறால் கண் மூடுகிறவளையும் பிரித்துக் காட்ட நூறு வருஷத்துக்கு முன்பே இவ்வளவு சுலபமான சாட்சி இருந்திருக்கிறது. மளிகைக் கடைப் பையன்களுக்கு அதை யார் போய்ச் சொல்வது?

2017-ம் வருஷத்தில் கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டர் ஐந்து நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். எம்.ஆர்.ஐ. படத்தில் காரணமும் தெரிந்தது. முகத்தை அசைக்கிற நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்படுகிற இடத்தில், ஒரு ரத்தக் குழாய் வளைந்து வந்து நரம்பின்மேல் படுத்திருக்கிறது. அவ்வளவுதான். கட்டி இல்லை, கிருமி இல்லை. நரம்புக்கு மேலே ஓர் உறை உண்டு. மூளைக்குள் இருக்கிற வரைக்கும் அந்த உறை ஒரு விதம். வெளியே வந்தபின் வேறு விதம். இரண்டும் சந்திக்கிற இடம் பலஹீனமான இடம். அங்கே போய் நாடித் துடிப்போடு ஒரு குழாய் தட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நிமிஷத்துக்கு எழுபது என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு லட்சம் தட்டு. உறை தேய்கிறது. கண்ணுக்குப் போகிற செய்தி வாய்க்குத் தாவுகிறது. வாய்க்குப் போவது கண்ணுக்குத் தாவுகிறது.

டாக்டர் இதைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பாதியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்சுலேசன் போச்சுங்களா?" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதேதான்" என்றார். எத்தனை ஒயரில் அவர் இதைப் பார்த்திருப்பார்! அதிர்கிற பைப்பில் உரசிக்கொண்டே கிடந்தால் எந்த ஒயரும் ஒரு நாள் ஷாக் அடிக்கத்தான் செய்யும்.

நோயின் மூலம் ரத்தக் குழாயாக இருக்கலாம் என்பது புதிய செய்தி அல்ல. 1875-ம் வருஷம் ஜெர்மனியில் ஷூல்ட்ஸே என்பவர், இடப்பக்க முகம் துடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்தார். கழுத்து வழியே மூளைக்கு ஏறுகிற தமனி வீங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஆனால், உயிரோடு இருக்கிறவர் மண்டையில் அந்த இடத்துக்குப் போய் வரும் வழி யாருக்கும் தெரியவில்லை. நரம்பில் சாராயத்தை ஊசியாகப் போட்டுக் கொன்றார்கள். அல்லது நரம்பை வெட்டினார்கள். துடிப்பு நிற்கும். அதோடு முகமும் நின்றுவிடும். துடிக்கிற முகத்தைக் கொடுத்துச் செத்த முகத்தை வாங்குகிற வியாபாரம்.

வழி கண்டவர் பீட்டர் ஜானெட்டா என்ற அமெரிக்கர். 1966-ம் வருஷம், கலிபோர்னியாவில் பயிற்சிக் காலத்தில் இருந்தபோது, முப்பது கடந்த இளைஞராக, பூதக்கண்ணாடிக் கருவியை மூளைக்குள் திருப்பி, நரம்பின்மேல் கிடந்த குழாயை அவர் விலக்கி வைத்தார். துடிப்பு நின்றது. (அதே 1966-இல்தான் கோயம்புத்தூரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மூளை ரணசிகிச்சை வேண்டுமென்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த நாளில் இரண்டு வழிகளாவது இருந்தன. ஒன்று, ஜேக்கப் சாண்டி 1949-இல் இந்தியாவிலேயே முதலாவதாக வேலூரில் ஆரம்பித்த பிரிவு, மற்றது, பி. ராமமூர்த்தி 1950-இல் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த பிரிவு.) ஜானெட்டா சொன்னதைப் பெரிய நிபுணர்கள் பல வருஷங்கள் நம்பவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஒரு வியாதியும் இல்லாத எத்தனையோ பேருக்கு நரம்பில் குழாய் உரசிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்களுக்கு ஏன் துடிக்கவில்லை? இந்தக் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் கிடையாது. ஆனால், குழாயை விலக்கினவர்களுக்குத் துடிப்பு நிற்கிறதே, அதை எப்படி மறுப்பது? ஜானெட்டா 2016-இல் காலமானார். அதற்குள் உலகம் முழுவதும் அவர் வழியே வழி என்றாகிவிட்டது.

முதலில் தங்கைக்கு ஊசிதான் போட்டார்கள். போட்டுலினம் என்ற விஷம். கெட்டுப்போன மாமிசப் பண்டத்தைத் தின்றவர்கள் செத்ததை ஆராய்ந்து, இருநூறு வருஷங்களுக்கு முன் ஜெர்மனியில் கெர்னர் என்பவர் இந்த விஷத்தைப் பற்றி விவரமாக எழுதினார். வைத்தியர், அதோடு கவிஞர். இதே விஷம் ஒரு நாள் மருந்தாகலாம் என்று அப்போதே அவருக்குத் தோன்றியிருக்கிறது! கவிஞர்களை வைத்தியத்துக்கு விடுவதில் லாபமும் உண்டு போலிருக்கிறது. அமெரிக்காவில் இதைக் கண் இமைக் கோளாறுகளுக்கு மருந்தாக அங்கீகரித்தது 1989-இல். துளித்துளியாகக் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் போட்டால் தசை தளர்ந்து துடிப்பு அடங்கும். மூன்று மாசம், மிஞ்சினால் நாலு மாசம். பிறகு மறுபடியும் ஊசி. அநேகருக்கு இதுவே போதும். இதோடு காலத்தை ஓட்டுகிறவர்கள் நிறைய. தங்கைக்கும் நாலு வருஷம் ஓடிற்று. ஆனால், ஊசி போட்ட முதல் சில வாரம் இடக் கன்னம் தொங்கும். தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழியும். கடைசிச் சில வாரம் துடிப்புத் தலைகாட்டும். நடுவில் கிடைப்பதுதான் முகம். தவிர, ஒவ்வொரு ஊசிக்கும் ஆயிரக்கணக்கில் பணம். மாப்பிள்ளை பட்டறையில் மழைக் காலத்தில் வேலை மந்தம். ஊசியின் மாசம் அதைப் பார்த்தா வரும்?

2022-இல் அவள் ஆபரேஷன் என்று முடிவு செய்தாள். வீட்டில் பெரிய கலகம்.

இந்த நோயின் சங்கடமே இங்கேதான் இருக்கிறது. இது ஆளைக் கொல்லாது. கான்ஸருக்கு மண்டையைத் திறக்கிறோம் என்றால் யாரும் எதிர்வாதம் செய்யமாட்டார்கள். வேறு வழி இல்லை. துடிக்கிற இமைக்காக மூளைக்குள் கத்தியோடு போவதா? பெங்களூரிலிருந்து மகன் ஓடி வந்தான். "செத்துப் போகாத நோய்க்கு எதுக்கும்மா மண்டையை ஒடைக்கோணும்?" என்றான். பாசத்தில் சொன்னதுதான். தப்பில்லாத கேள்வியுங்கூட.

ரணசிகிச்சை நிபுணர் அவன் கட்சியையே பேசினார் என்று சொல்ல வேண்டும். அவரிடம் நானும் போயிருந்தேன். ஆசை காட்டுகிற வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எலும்பைத் துளைப்பார்கள். சிறுமூளையை மெல்ல ஒதுக்கிக்கொண்டு ஆழத்தில் போனால் நூல் மாதிரி நரம்புகள். குற்றவாளிக் குழாயை வெட்டி எறியலாம் என்றால் முடியாது. மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோவதே அதுதான். அதிலிருந்து மயிர் போல் கிளைகள் பிரிந்து போகின்றன. அதில் ஒன்று அறுந்தாலும் பக்கவாதம். ஆகவே, குழாய்க்கு நோகாமல் அதை நகர்த்தி, நரம்புக்கும் அதற்கும் நடுவே டெஃப்லான் பஞ்சை மெத்தை மாதிரி வைக்க வேண்டும். (டெஃப்லான் என்றதும் மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. பைப் மரையில் சுற்றுகிற டேப் அல்லவா அது! "எத்தனை வருசம் தாங்குமுங்க?" என்று கேட்டார். "உங்கள் பைப்பைவிட அதிகம்" என்றார் டாக்டர்.)

"எல்லாவற்றையும்விட எனக்குக் காதைப் பற்றித்தான் பயம்" என்றார் அவர். முக நரம்புக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல் ஓடுகிறது கேட்கிற நரம்பு. அது மகா கோபக்காரி. கொஞ்சம் இழுபட்டாலே செத்துப்போகும். அதனால் ஆபரேஷன் நடக்கும்போது மயக்கத்தில் இருக்கிறவர் காதில் டிக் டிக்கென்று சப்தம் கொடுத்து, மூளை அதற்குப் பதில் சொல்கிறதா என்று ஒருவர் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். பதில் தயங்கினால் கை நிற்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. முகத்து நரம்பின் ஒரு கிளையை மின்சாரத்தால் தொட்டால், நோய் இருக்கிற வரை சம்பந்தமில்லாத வேறு தசையும் துடிக்கும். குழாயைத் தூக்கின மாத்திரத்தில் அநேகமாக அது நின்றுவிடும். சரியான குழாயைப் பிடித்தோமா என்று அப்போதே தெரிந்துவிடும்.

"எத்தனை பேருக்குக் குணமாகும்?" என்று நான் கேட்டேன். ஜானெட்டாவும் அவருடைய சகாக்களும் 1995-இல் வெளியிட்ட கணக்கை அவர் சொன்னார். 700 பேருக்கு மேல் செய்ததில், பத்து வருஷம் கழித்தும் நூற்றுக்கு 84 பேர் துடிப்பில்லாமல் நன்றாக இருந்தார்கள். அந்தப் பக்கத்துக் காது செவிடானவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்றுக் குறைவு. ஆபரேஷனால் இறந்தவர் ஒருவர். "ஆனால், அது அவர் கை. கை பழக்கமில்லாத இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. என் கையைப் பற்றியும் நீங்கள் விசாரித்துக்கொண்டுதான் வர வேண்டும்" என்றார். இப்படிச் சொல்கிற டாக்டரிடம் எனக்கு நம்பிக்கை உண்டாயிற்று. மகனுக்குப் பயம் அதிகமாயிற்று. ஒரே வார்த்தைதான்!

வீடு திரும்புகிற வழியில், காரில், அவன் மறுபடியும் ஆரம்பித்தான். அந்த ஒருவர் நீயாக இருந்தால் என்ன செய்வது என்றான். தங்கை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். சிங்காநல்லூர் தாண்டினதும் என் பக்கம் திரும்பினாள்; அவனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

"ஏனுங்ணா, மில்லுக்குப் போறவங்களுக்கு வாரத்துல ஒரு நா லீவு உண்டு. எனக்குப் பதினோரு வருசமா ராத்திரிலகூட லீவு இல்லீங்ணா. சாகாத நோவுன்னு எல்லாருஞ் சொல்றீங்க. நா எம்பட பேத்திய நேரா பாத்து ஒரு தடவ சிரிச்சதில்ல. நா சிரிச்சா அது அழுகுது."

யாரும் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, "காயில் போன மோட்டாரு ஓடறது வரைக்கும் ஓடட்டும்னு நா யாருக்குஞ் சொன்னதில்ல" என்றார்.

உயிரா முகமா என்று கேட்டால் உயிர் என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். அடுத்தவர் முகமாயிருந்தால் இன்னும் சீக்கிரமாகச் சொல்வோம். அந்தப் பதிலைச் சொல்ல அவளைத் தவிர வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்றே நான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆபரேஷன் தப்பாய்ப் போயிருந்தாலும் இதையே சொல்லியிருப்பாயா என்று என் சம்சாரம் கேட்டாள். சொல்லியிருப்பேன், ஆனால், இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

நாலு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் பார்க்கப் போனோம். தலையில் கட்டு, முகம் வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்துப் பேச வாயைத் திறந்தாள். இடக் கண் இறுக மூடிக்கொண்டது.

மகன் வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டான். டாக்டர் இதை முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். சிலருக்கு மயக்கம் தெளியும்போதே துடிப்புப் போய்விடும். சிலருக்கு வாரம், மாசம் ஆகும். பல வருஷம் கெட்ட வழக்கத்தில் இருந்த நரம்பு ஒரே நாளில் திருந்துமா? ஒரு வருஷம் பார்த்த பிறகே தோல்வி என்று சொல்லலாம். எல்லாம் கேட்டதுதான். கேட்டதைக் கண்ணால் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. பத்து நாள் கழித்து இடக் கன்னம் திடீரென்று செயலற்றுத் தொங்கிற்று. இதுவும் சிலருக்கு வருமாம், தானே சரியாகுமாம். ஐந்து வாரத்தில் சரியாயிற்று. துடிப்பு மட்டும் நாளைக்கு இத்தனை தடவை என்று குறைந்துகொண்டே வந்தது. சமையலறைக் காலண்டரில் அவள் பென்சிலால் கோடு போட்டு வந்தாள். மூன்றாவது மாசக் கடைசியில் கோடுகள் இல்லை. திரும்பவும் வர இடம் உண்டு, நூற்றில் சிலருக்கு வரத்தான் செய்கிறது. அதற்காக அவள் காலண்டரை இன்னும் விடவில்லை.

காது? முழுக்கப் போகவில்லை. இடக் காதில் மெல்லிய சப்தங்கள் விழுவதில்லை. போனை வலப்பக்கம் வைத்துப் பேசுகிறாள். இடப்பக்கம் உட்கார்ந்து யாராவது மெதுவாகப் பேசினால் தலையை ஆட்டிவிடுகிறாள். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை இரண்டு தடவை ஏமாந்திருக்கிறார்.

போன தைமாசம் ஆதார் படத்தை மாற்றப் போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். மெஷினுக்குப் பின்னால் இருபது வயசுப் பையன் ஒருவன், இடப்பக்கமாக உட்கார்ந்திருந்தான். "நேராப் பாருங்கம்மா" என்றான். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். மாப்பிள்ளை தோளைத் தொட்டுக் காமிராவைக் காட்டினார். பார்த்தாள். இரண்டு கண்ணையும் காட்டச் சொன்னான், காட்டினாள். பையன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஏதோ பொத்தானை அழுத்தினான்.

"ஆச்சுங்க. அடுத்து யாருங்க?"